பெரிய வட்டை குடிக்கும்வரை

ஆனி மாதத்து முதல் திங்கட்கிழமை, வட்டை விதானை கந்தப்போடி கண் ஒப்பரேசனுக்காகக் கொழும்பு பஸ் ஏறினார். அன்றைக்கே பழுகாமத்து வயல்களின் தண்ணீரைக் கஜானி பொறுப்பேற்றாள். யாரும் அவளிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மதகில் குடிக்கும் வயல்வெளி ஒரு வட்டை; எந்த வட்டைக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று சொல்வது விதானையின் வேலை. அதுவரை மோட்டார் சைக்கிளில் போய்க் கத்திச் சொல்வார். இனி ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ஒரே நீளச் செய்தியாகக் கஜானிக்கு அனுப்புவார். அவள் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் அதை வெட்டி, நடு வட்டைக்கும் பெரிய வட்டைக்கும் உரியதை அவரவர் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பும்.

கஜானி எதையும் வாசிப்பதில்லை, வெட்டுமிடம் தேடுவாள். கல்யாணக் கார்டு வந்தால் மாப்பிள்ளை யார் என்று பார்க்கமாட்டாள். "நல்ல இடைவெளி விட்டிருக்கானுகள்" என்பாள். வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்பவள். சரிந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே நாலு குறி போட்டு ஒரு வெட்டு விதி எழுதினால் எந்த எழுத்துக் குவியலும் துண்டுதுண்டாகப் பிரியும் என்பது அவளுடைய நம்பிக்கை. பிரியாவிட்டால், "டேட்டா பிழை. கோட் பிழையில்ல."

முதல் விதி: வெறும் வரி வந்தால் வெட்டு. ஒரு கண்ணைக் கட்டியிருந்த கந்தப்போடியோ, மற்றக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று இரண்டு மூன்று சொல்லுக்கு ஒரு வெறும் வரி விட்டார். நடு வட்டைக்கு அன்று முதல் துண்டான "எல்லாருக்கும் வணக்கம்" மட்டும் போனது. நடு வட்டையார் பதில் வணக்கம் போட்டார்கள்.

"மாமா, கண்ட இடத்தில என்டர் அடிக்காதீங்க."

"இஞ்சரு புள்ள, நான் எங்க மூச்சு விடுறதெண்டும் உன்னட்டக் கேக்கோணுமா?"

இரண்டாவது விதி: வட்டையின் பெயர் வரும் இடத்தில் வெட்டு. அது ஒரு கிழமை அழகாக ஓடியது. நெல் கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவத்தில் நின்றபோது இந்தச் செய்தி வந்தது: "நடு வட்டைக்கு நாளைக்குத் தண்ணி. ஆனா பெரிய வட்டை குடிச்சு முடியுமட்டும் மதகத் தொடாதீங்க."

வெட்டு சுத்தமாக விழுந்தது. நடு வட்டைக்கு "ஆனா" வரை போனது. அவர்கள் மறுநாள் விடியவே தங்கள் மதகைத் திறந்தார்கள். பெரிய வட்டைக்கு மிச்சம் போனது. பெரிய வட்டையார் சொல் கேட்பவர்கள். தாங்கள் குடித்து முடியட்டும் என்று தங்கள் மதகைத் தொடாமல் காத்திருந்தார்கள். விளக்கம் கேட்க விதானையை அழைத்தால், போன் கட்டிலிலிருந்து விழுந்து செத்திருந்தது.

நாலாம் நாள் சுலோஜனா வந்தாள். பெரிய வட்டையின் மேட்டு மூலையில் குத்தகைக்கு விதைத்தவள். அவளுக்கு வேறு காணி கிடையாது. வெடித்த மண்கட்டியைக் கஜானியின் லப்டொப் பக்கத்தில் வைத்தாள்.

"என்னகா கஜானி, நாங்க குடிச்சு முடியுமட்டும் நாங்க தொடக்கூடாதாம். கந்தப்போடிக்குக் கண்ணிலதானே ஒப்பரேசன்? மண்டையிலயுமா?"

"இல்ல மாமி, டேட்டா..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். இருவரும் ஓடிப்போய்ப் பெரிய வட்டை மதகைத் திறந்தார்கள். நடு வட்டை குடித்த மிச்சமாக, வாய்க்காலில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் வந்தது. மேட்டு மூலைக்கு அது ஏறவில்லை. அறுவடையில் சுலோஜனாவுக்குக் கிடைத்ததில் பாதி பதர்.

கஜானி மூன்றாவது விதி எழுதினாள்: வரியின் தொடக்கத்தில் பெயர் வந்தால் மட்டும் வெட்டு. பிழையே இல்லாத விதி. வெட்டுவதற்குத்தான் போகம் மிஞ்சவில்லை.

கறுப்புக் கண்ணாடியோடு ஊர் திரும்பிய கந்தப்போடி, வெகுநாள் கழித்து அந்தப் போனைத் திருத்தக் கொடுத்தார். அது உயிர் பெற்றதும், அந்த மதகுச் செய்திக்குப் பின்னால் எழுதி, அன்றைக்குப் போகாமல் கிடந்த செய்தியொன்று கஜானிக்கு வந்து விழுந்தது.

"புள்ள, இது ரெண்டும் ஒரு பேச்சு. வெட்டாம ரெண்டு பேருக்கும் முழுசாப் போடு. சுலோஜனாட மூலை காஞ்சு கிடக்கு."

கஜானி கடைசிச் சொல் வரை வாசித்தாள். லப்டொப்பை மூடினாள். பிறகு, அறுத்து முடிந்து நெல்லந்தாள் மட்டும் நின்ற இரண்டு வட்டைகளின் குழுவுக்கும் அதை முழுசாக அனுப்பினாள்.