உடையப்பன் நிறுத்திய மாத்திரை

ஜெலாப்பாங் ஊரில் உடையப்பனைத் தெரியாதவர் உண்டா? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்குக் கும்பிடு போட்டவர். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி, பிறகு லாரி ஓட்டி, இன்று தன் பெயர் எழுதிய லாரிகளைத் தெருவில் விட்டிருக்கும் மனிதர். எழுபதைத் தாண்டிய நெஞ்சில் போன வருடம் ஒரு அட்டேக் வந்தது. ரத்தக்குழாய் அடைப்பில் வைத்த ஸ்டென்ட்டைக்கூட, "எஞ்சினுக்குப் புது சாமான் போட்டாச்சு" என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவர் அவர்.

தைப்பூசத்துக்கு முதுகில் அலகு குத்திக் காவடி எடுப்பது அவர் வழக்கம். ஒரு சொட்டு ரத்தம் வந்தால் விரதத்தில் குறை என்று கூட்டம் பேசும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையோ ரத்தத்தை நிற்க விடாது. ஆகவே விரதம் தொடங்கிய அன்றே மாத்திரையைத் தூக்கிப் போட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

பூசத்துக்குச் சில நாள் முன்பு, வாசலில் காவடியைத் தூக்கிப் பார்த்தவருக்கு மூச்சு முட்டியது. சட்டை வியர்வையில் நனைந்தது. மகள் குமுதா காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

"நெஞ்சு வலிக்கவே இல்லலா! வலி இல்லாம என்னா அட்டேக்? என்னைய விடுங்க, நான் போறேன்."

டாக்டர் ஷர்மினி அசையவில்லை. "ஐயா, உங்களுக்கு இனிப்புநீர், அதான் சர்க்கரை வியாதி, ரொம்ப வருசமா இருக்கு. நரம்பு மரத்துட்டா வலி தெரியாது, மூச்சுதான் வாங்கும். வயசு, பிரஷர், பழைய அட்டேக், இத்தன வருசம் ஊதின சிகரெட்டு. இதுல மாத்திரையையும் நிறுத்திட்டேன்னு நான் துருவிக் கேட்டப்புறம்தான் சொல்றீங்க. ஸ்டென்ட்டு திரும்ப அடைச்சிருக்கு."

"காவடி எடுக்கலன்னா உடையப்பன் படுத்துட்டான்னு ஊரு சிரிக்கும், டாக்டரம்மா."

"எடுங்கப்பா," என்றாள் குமுதா. "காவடியோட ரோட்டுல விழுங்க. ஊரே வீடியோ எடுத்துப் போடட்டும்."

கிழவர் மகளை முறைத்தார். அவருக்குச் சாவு பயமில்லை. காவடியோடு குப்புற விழுவதுதான் தாங்காது. அடைப்பெடுக்க ஒப்புக்கொண்டார். தாதி நீட்டிய மாத்திரைகளை வாங்கி விழுங்கினார். பிறகு, ஆண்டுதோறும் தன்னோடு போட்டி போட்டுக் காவடி எடுக்கும் தர்மாவுக்குப் போன் போட்டார்.

"மச்சான், இந்த வருசம் நான் இல்ல. பயந்துட்டேன்னு நெனைக்காத. ரிப்பேருக்கு விட்டிருக்கேன். அடுத்த வருசம் நான் வருவேன். நீ உன் சிகரெட்ட விட்டுட்டு உயிரோட இருக்கியான்னு பாரு!"