சாமிக்கு என்று கேட்ட பாட்டில்

இதை எழுதுவதை நான்கு வருடமாகத் தள்ளிப்போட்டேன். நோட்டை எடுப்பேன், பேனாவைக் கிறுக்கிப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் என்று சொல்லிக்கொண்டது வெறும் சாக்கு. என் வீட்டுக்காரி படித்துவிடுவாளே என்ற பயம்தான் உண்மை.

அவள் தம்பி பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவன். விளாங்குடியில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. வந்த நாளிலிருந்து சரியாகத் தூங்கமாட்டான், அதற்காகக் குடிப்பான். ஒரு காதுகுத்து வீட்டில் சரவெடி போட்டார்கள். குடித்திருந்த இவன், கொளுத்தியவனைக் கம்பியால் அடித்துவிட்டான். மண்டையில் தையல், கேஸ்.

கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டான். நீதிபதி அம்மா அவன் பட்டாளத்துக் காகிதங்களைப் புரட்டிப் பார்த்து, "உள்ள அனுப்புனா இவருக்கு வைத்தியம் கிடைக்காது" என்றார். ஒரு வருடம் குடிக்கக் கூடாது, குடிநோய் மையத்தில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டும், பிறகு மாதாமாதம் நன்னடத்தை அலுவலர் முன் வந்து நிற்க வேண்டும். தவறினால் ஜெயில். அதற்குப் பிணையாளாகக் கையெழுத்துப் போட்டவன் நான்.

நன்கொடையில் ஓடுகிற அந்த மையத்தில் இலவசக் கட்டில்கள் சொற்பம். அலுவலர் நாலு இடத்தில் பேசித்தான் ஒன்று வாங்கிக் கொடுத்தார். என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார்: "அண்ணே, கையெழுத்தோட ஒங்க வேல முடியல. திரும்பக் குடிக்கிறவங்கள விசாரிச்சா, காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளதான் இருக்கும்."

சிகிச்சை முடிந்து வந்தவன் முகத்தில் சதை பிடித்திருந்தது. சரக்கு வாங்குகிற மிலிட்டரி கேண்டீன் கார்டை அக்காவிடம் கொடுத்து, "நான் கேட்டாலும் தராத" என்றான். அவள் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். ஏழு மாதம் அவன் குடியைத் தொடவில்லை.

மாசி வந்தது. எங்கள் குலதெய்வம் கருப்பசாமி, கண்மாய்க்கரையில் இருக்கிறார். கிடாய், சுருட்டு, சாராயம் வைத்துப் படைப்போம். மச்சினன் பட்டாளத்தில் சேர்ந்தது முதல் சாராயத்துக்குப் பதில் அவன் கேண்டீன் பாட்டில்தான். "கருப்பனும் காவக்காரன், பட்டாளத்துச் சரக்குதான்யா அவருக்குப் பொருத்தம்" என்று பூசாரி சிரிப்பார். நான் ஒரு சொட்டுக் குடித்தவனில்லை. ஆனால் அந்தப் பேச்சில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

கார்டுக்காரர் நேரில் போனால்தான் கேண்டீனில் கொடுப்பார்கள். வீட்டுக்காரி குழாயடிக்குப் போன நேரத்தில் படத்துக்குப் பின்னாலிருந்து கார்டை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

"மாப்ள, சாமிக்குத்தான். ஒரே ஒரு பாட்டில்."

"டாஸ்மாக்குல வாங்கிருங்களேன் மச்சான். நான் அந்த வரிசையில நிக்க வேணாம்னு பாக்குறேன்."

"வழக்கத்த மாத்தச் சொல்றியா? சாமி காரியத்துல ஒனக்கு என்ன வந்துரப்போகுது? அவரு பாத்துக்கிருவாரு."

கார்டை என் கையிலிருந்து வாங்கினான். பிறகு விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தான். "உத்தரவு மச்சான். சாமி கோச்சுக்கிட்டா ஒங்க பேரத்தான் சொல்லுவேன்." இருவரும் சிரித்தோம்.

மத்தியானம் பேப்பரில் சுற்றிய பாட்டிலையும் கார்டையும் கொண்டுவந்து கொடுத்தான். கார்டைப் பழைய இடத்தில் வைத்தேன். படையல் குறைவில்லாமல் நடந்தது. அவன் இரண்டு பாட்டில் வாங்கியிருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் அலுவலர் முன் போதையோடு போய் நின்றான். அறிக்கை கோர்ட்டுக்குப் போனது. நீதிபதி அம்மா கோபமாகப் பேசவில்லை.

"ஏழு மாசம் இருந்தீங்களே. யாராவது வாங்கிக் குடுத்தாங்களா?"

"யாரும் இல்லம்மா. நானாத்தான்."

என் பக்கம் அவன் திரும்பவே இல்லை. அம்மா என்னைப் பார்த்தார். "பிணையாளுக்கு ஏதாவது தெரியுமா?"

நெற்றி நிறைய விபூதியோடு நின்றேன். நடந்ததைச் சொல்லியிருந்தால் அவனுக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்திருக்குமோ, எனக்குத் தெரியாது. நான் சொன்னது, "தெரியாதுங்கம்மா."

ஆறு மாதம் ஜெயில். தண்டனை முடிந்து வந்தவனுக்கு அந்த மையத்தில் கட்டில் இல்லை, காத்திருப்பவர்கள் நிறைய. இப்போது பசுமலையில் ஒரு கேட்டில் காவலுக்கு நிற்கிறான். சில மாதம் குடிக்காமல் இருப்பான், சில மாதம் இருக்க மாட்டான். என்னைப் பார்த்தால் "சாப்ட்டீங்களா மச்சான்" என்பதோடு சரி. ஒரு தடவையாவது திட்டிவிட்டால் தேவலை என்று தோன்றும்.

இந்த மாசியில் இளநீர்தான் வைத்தேன். "என்னய்யா, கருப்பனுக்குக் காய்ச்சலா?" என்று பூசாரி கேட்டார். கூட்டம் சிரித்தது. அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அங்கேயும் சொல்லவில்லை.

சொந்தபந்தமெல்லாம், "கோர்ட்டு அம்புட்டுப் பெரிய மனசு பண்ணியும் பட்டாளத்தான் குடிச்சே கெட்டான்" என்றுதான் பேசுகிறது. அதனால்தான் கேட்கிறேன். படிக்கிறவர்கள் இதை யாரிடம் சொன்னாலும் எனக்காக இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம். கார்டை எடுத்த கை என்னுடையது, "தெரியாது" என்றவனும் நான்தான். இரண்டையும் விடாமல் சொல்லுங்கள்.