ஜன்னலுக்குள் ரம்பம் போன விதம்

மாமா அந்த ரம்ப மெஷினைக் கொண்டுவந்து இறக்கியபோது எனக்கு ஒன்பது வயது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஜீப் ஓட்டுவது தொழில். இருப்பது எங்களோடு, குந்தாவில். அப்பா அங்கே பவர்ஹவுஸில் வேலை பார்த்தார். குன்னூரில் ஒரு பங்களாவைக் காலி செய்துகொண்டு போன பெரியவருக்குச் சாமான் ஏற்றப் போன இடத்தில், "இதை நீயே வெச்சுக்கோப்பா" என்று அவர் கொடுத்துவிட்டாராம்.

பார்க்கத் தையல் மெஷினின் முரட்டு அண்ணன் மாதிரி இருக்கும். ஓர் இரும்பு மேடை. அதன் நடுவே செங்குத்தாக மாட்டிய, நூலைவிடக் கொஞ்சம்தான் தடித்த ரம்பம். சுவிட்சைப் போட்டால் ரம்பம் நின்ற இடத்திலேயே மேலும் கீழும் துடிக்கும். பலகையைத்தான் நாம் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மாமாவுக்குப் பெரிய திட்டங்கள் இருந்தன. முதலில் மயில், பிறகு நீலகிரி ரயில், அதன் பிறகு ஊட்டியில் ஒரு கடை. பழைய தேயிலைப் பெட்டிகளின் மெல்லிய பலகைகளை எங்கிருந்தோ ஜீப்பில் அள்ளிக்கொண்டு வந்தார். ஆனால் மேட்டில் ஜீப்பை ஏற்றுவது போலப் பலகையை முட்டித் தள்ளினார். ரம்பம் 'டக்' என்று ஒடிந்தது. இன்னொன்றை மாட்டினார். அதுவும் ஒடிந்தது. அன்றைக்கு ஒரு டஜன் ஒடிந்தது. மயிலுக்குக் கால்கூட வரவில்லை.

அம்மா அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். காலனியில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள் அவள்.

"தள்ளாதடா. துணி மாதிரி அது பாட்டுக்குப் போக வுடு."

"ஏங்க்கா, இது மரம். துணியா?"

"கொஞ்சம் தள்ளு, பாக்கலாம்."

அவள் உட்கார்ந்தாள். கழுத்து வளைவு வெட்டுகிற அதே விரல்கள்தான். பலகை சுழன்றது. அரை மணி நேரத்தில் ஒரு வாத்து வந்தது. மாமா வாத்தை எடுத்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "சரி, மயிலுக்கு இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று ஜீப்பைக் கழுவப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அந்த மெஷினைத் தொடவே இல்லை.

அம்மா விடவில்லை. பின்பக்கத் தாழ்வாரத்தில் மதியச் சமையல் முடிந்ததும் உர்ரென்று சத்தம் கேட்கும். சாவி மாட்டும் பலகை, இலை, தேயிலைக் கொழுந்து, கொம்பு வளைந்த காட்டுமாடு, கடைசியாக மூன்று பெட்டிகளோடு ரயில். அவள் தலையிலும் புருவத்திலும் மரத்தூள் ஒட்டியிருக்கும். அப்பா அதைப் பார்த்து, "பனி கொட்டிருச்சா புள்ள?" என்பார்.

அந்த வருஷம்தான் மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். மூன்று இடங்களில் 'ஜீப் டிரைவரா?' என்று தட்டிப்போனது. நாலாவது இடம் கட்டபெட்டு. பெண் அங்கே ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீசில் வேலை செய்தாள். சம்பந்தம் பேசிய எங்கள் பெரியம்மா, எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்ததையெல்லாம் பார்த்துவிட்டு, யாரிடமும் கேட்காமல், "பையனுக்கு ஒரு கெட்ட பழக்கம் இல்லீங்க. வேலை முடிஞ்சு வந்தா மரத்துல பொம்மை வெட்டிட்டு உக்காந்திருப்பான்" என்று அங்கே போய்ச் சொல்லிவிட்டாள். பெண் வீட்டாருக்கு அது பிடித்துப்போனது.

விஷயம் தெரிந்ததும் மாமா பதறினார். அம்மாதான் அடக்கினாள்.

"இருந்துட்டுப் போகட்டும் வுடு. நல்ல பொண்ணு. இதுக்குப் போயி கெடுத்துக்காத."

என்னிடமும் விரலை நீட்டிச் சொன்னாள். யார் கேட்டாலும் மாமா செய்தது. நானும் இதைவிட முக்கியமான பொறுப்பு உலகத்தில் இல்லை என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, எங்கள் பெரியம்மா, கூடவே பெண்ணும். பெண்ணும் வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "நான் இருக்கப்போற ஊட்டை நான் பாக்க வேண்டாமான்னு கேட்டுட்டாளுங்க" என்று அவள் அப்பா சிரித்துச் சமாளித்தார்.

அவள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நேராகச் சுவருக்குப் போனாள். ரயிலின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கலாமுங்களா? இந்த ஜன்னலுக்குள்ள ரம்பம் எப்படீங்க போச்சு? ஓரத்துல இருந்து வெட்டிட்டுப் போன தடமே இல்லீங்களே?"

மாமாவுக்குக் காது சிவந்தது. "அது... மெதுவா வெட்டுனா போயிருமுங்க" என்றார்.

அம்மா தட்டில் வைத்த முறுக்கை மறுபடி அடுக்கினாள்.

"அட, ஓட்டித்தான் காட்டுங்களேன் மாப்பிள்ளை. நாங்களும் பாக்கறோம்" என்று பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். எல்லோரும் பின் தாழ்வாரத்துக்கு நகர்ந்தோம். அம்மா பென்சிலால் படம் போட்டு வைத்திருந்த ஒரு பலகையை மாமா மேடைமேல் வைத்தார். அது தலைகீழாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். சுவிட்சைப் போட்டார். ரம்பம் இரண்டு துடிப்புத் துடித்து நின்றது. கரண்ட் இல்லை.

"கரண்ட் தயார் பண்ற ஊர்லயே கரண்ட் இல்லீங்களா!" என்றார் பெண்ணின் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மா கண்ணை மூடிக் கும்பிட்டாள். நான் மட்டும் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அப்பா முன்கதவுப் பக்கமிருந்து ஒன்றும் தெரியாதவர் போல வந்துகொண்டிருந்தார். அவர் சட்டைப் பையில் ஃபியூஸ் கட்டை துருத்திக்கொண்டு இருந்தது.

என் அப்பா இவ்வளவு கெட்டிக்காரர் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. தப்பித்தோம். வந்தவர்கள் முறுக்கைத் தின்றுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

அப்போது மாமா சொன்னார்.

"மச்சான், ஃபியூஸைப் போடுங்க."

அப்பா அசையவில்லை. மாமா பெண்ணின் பக்கம் திரும்பினார். ஜீப்பில் பிரேக் பிடிக்காதபோதுகூட அவர் குரல் அப்படி நடுங்கியிருக்காது.

"எனக்கு இதை ஓட்டத் தெரியாதுங்க. ஒரு டஜன் ரம்பத்தை ஒடிச்சதுதான் நான் பண்ணுனது. இதெல்லாம் எங்க அக்கா செஞ்சது."

பெண்ணின் அப்பா காப்பித் தம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தார். பெரியம்மாவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. பெண் மாமாவை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் வந்தாள்.

"அப்ப நீங்க சொல்லுங்கக்கா. ஜன்னலுக்குள்ள எப்படிப் போச்சு?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பையிலிருந்து கட்டையை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். பலகையின் நடுவே கைத்துளைப்பானால் ஒரு சின்ன ஓட்டை போட்டாள். மெஷினிலிருந்து ரம்பத்தின் ஒரு முனையைக் கழற்றி, ஊசியில் நூல் கோர்ப்பது போல அந்த ஓட்டைக்குள் நுழைத்து, மறுபடி மாட்டி முறுக்கினாள்.

"இவ்வளவுதாங்களா!" என்றாள் அந்தப் பெண்.

"இவ்வளவுதான் கண்ணு. ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒருக்கா கழட்டி மாட்டோணும்."

கரண்ட் வந்தது. அம்மா ஒரு ஜன்னல் வெட்டினாள். வெட்டிய துண்டு உள்ளிருந்து தானாக விழுந்தது. நான் என்னையறியாமல் கைதட்டிவிட்டேன். பிறகு அந்தப் பெண் வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனாள். திருப்பத்தில் 'டக்'. அவள் முகம் வெளுத்தது. அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

"அவனுக்கு நீ எவ்வளவோ தேவல."

அதற்குப் பிறகு பெண்ணின் அப்பாவும் உட்கார்ந்து பார்த்தார். அவர் வெட்டியது என்ன என்று கடைசிவரை தெரியவில்லை, கோழி என்றார். மதியச் சாப்பாட்டுக்கும் இருந்துவிட்டார்கள். கிளம்பும்போது அவர் சுவரைக் காட்டி, "அடுத்த வாரம் எங்க ஊட்டுக்கு வரோணும். வர்றப்ப அந்தக் காட்டுமாட்டைக் கொண்டாந்தீங்கன்னா எங்க ஊட்டுலயும் மாட்டிக்குவோமுங்க" என்றார். பெரியம்மா அங்கேயே எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தாள்.

எனக்கு மட்டும் மாமாமேல் கோபம் தீரவில்லை. அப்பா அவ்வளவு அழகாகக் காப்பாற்றிக் கொடுத்ததை யாராவது இப்படிப் போட்டு உடைப்பார்களா? அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை.

மறுநாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பி வந்தால் சுவர் காலியாக இருந்தது. ரயில், காட்டுமாடு, கொழுந்து எல்லாம் தரையில் கவிழ்ந்து கிடந்தன. அம்மா நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பென்சிலால் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பெரிய பெரிய எழுத்து. அந்த வீட்டில் யாரும் கூப்பிடாத பெயர்.

"எதுக்கும்மா பேரு?" என்று கேட்டேன்.

"சும்மாதான் கண்ணு" என்றாள், தலை நிமிராமல்.

திருட்டுப் போய்விடும் என்று பயப்படுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். பாவமாக இருந்தது. போகும்போது பின்கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டுதான் பள்ளிக்கு ஓடினேன்.