சாப்பாட்டு மேசை இல்லாத விண்கலம்

"சாப்பிடுத மேசைய எங்கட்டி காணோம்?" என்று கேட்டுவிட்டு, மதினி ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினாள். குற்றாலத்தில் அவள் வேலை பார்த்த லாட்ஜின் வரவேற்பறை அது. மாசி மாதம், சீசன் இல்லாத பிற்பகல். அறைகள் எல்லாம் காலி, சாவிகள் எல்லாம் ஆணியில். சுவரில் இருந்த டிவியில் ஒரு விண்கலம் பாதி வெடித்தபடி அசையாமல் நின்றது. நானும் அவளும் ஒரே வீடு; நான் அப்போது தென்காசியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். வாரத்தில் ஒரு நாள் கிடைக்கும் விடுப்பில் பஸ் ஏறி லாட்ஜுக்கே வந்துவிடுவேன். கிரகங்களுக்கு நடுவே அத்தனை பெரிய சண்டை நடந்துகொண்டிருக்க, இவள் மேசையைத் தேடுகிறாளே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. "கதையப் பாருங்க மதினி" என்றேன். "கதையத்தான் பாக்கேன். எட்டுப் பேரு ஒக்காந்து தின்ன மேச. அது இல்லன்னா இது அந்தக் கப்பலே கெடையாது" என்றாள்.

அந்தக் கதை முதலில் தொடராகத்தான் வந்தது. பூமிக்குத் திரும்பும் வழியைத் தொலைத்துவிட்ட ஒரு சரக்கு விண்கலம், அதில் எட்டுப் பேர். தமிழில் குரல் கொடுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டார்கள். ஏழு பருவங்கள் ஓடின. பிறகு அதே கதையை வேறு நடிகர்களை வைத்து மூன்று படங்களாக எடுத்தார்கள். நான் படங்களின் கட்சி. தொடரில் அட்டைப்பெட்டி போலத் தெரிந்த கப்பல் படத்தில் ஒரு நகரம் அளவுக்கு இருந்தது. வேகம் இருந்தது, வானம் இருந்தது. மதினிக்குத் தொடர்தான். அதில் அவளுக்கு மிகப் பிடித்தது, கப்பலில் தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் பழுதாகி, அரைக் குவளைத் தண்ணீரை ஆளுக்கு ஒரு வாய் பங்கிட்டபடி எட்டுப் பேரும் அதைக் கழற்றி மாட்டும் பகுதி. வேறொன்றும் நடக்காது. அந்த இயந்திரத்தைச் சரிசெய்த கிழவர், படத்தில் பன்னிரண்டாவது நிமிடத்தில் செத்துப்போகிறார். "செத்தவருக்கு அழுறதுக்குக்கூட ஒருத்தனுக்கும் நேரமில்ல பாத்தியா" என்பாள். பென்டிரைவில் ஏழு பருவங்களையும் வைத்திருந்தாள். எத்தனை முறை பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.

மதினியின் கணவன், என் அண்ணன், ராணுவத்தில் இருந்தான். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருவான். வந்தால் வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். தினமும் கறி, தினமும் விருந்தாளி, மதினிக்குப் புதுச் சேலை. பெட்டியை அவன் மறுபடி கட்டும்போதுதான் எல்லோரும் கொஞ்சம் உட்காருவோம். ஒரு நாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது மதினி சொன்னாள்: "ஒங்க அண்ணன் வாரதும் படம் மாதிரித்தான். எல்லாத்தையும் ஒரு மாசத்துக்குள்ள முடிச்சிரணும். சண்ட போடக்கூட நாள் கெடையாது." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மூன்றாவது படம் வந்த சமயம் அண்ணன் லீவில் இருந்தான். மூன்று பேரும் திருநெல்வேலிக்குப் போய்ப் பார்த்தோம். கடைசியில் கப்பலின் கேப்டன் பூமிக்கு வந்துசேர்கிறார். தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். மனைவி திறக்கிறாள், கட்டிக்கொள்கிறார்கள், திரை இருள்கிறது. நான் அழுதுவிட்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன், "பேப்பர் குடுத்துட்டேன். அடுத்த வருசம் பென்சனோட வந்துருதேன்" என்றான். மதினி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன். வீட்டில் கதவைத் திறக்கும்போது என்னிடம் மட்டும், "வந்து சேந்த பொறவு என்னாச்சின்னு காட்டாமலே முடிச்சிட்டான் கேட்டியா" என்றாள். படத்தைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அண்ணன் வந்தான். முதல் மாதம் வழக்கம்போல் போனது. இரண்டாவது மாதம் அவன் வீட்டில் இருந்ததுதான் எங்களுக்குப் புதிது. விடியுமுன் எழுந்து போர்வையைச் செங்கல் போல மடித்துவைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பான். அடுக்களை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினான்; உப்பைத் தேடி மதினி எல்லாவற்றையும் திறக்க வேண்டியதாயிற்று. கூட்டாளியைப் பார்க்க என்று புளியறைக்குப் போவான், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவான். நிலம் பார்க்க என்று சுரண்டைக்குப் போவான், இறங்கிய பஸ்ஸிலேயே வந்துவிடுவான். மற்ற நேரமெல்லாம் வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பான். அந்தக் காலடிச் சத்தம் எங்களுக்குள்ளும் புகுந்துகொண்டது. நானும் ஓரிடத்தில் உட்கார முடியாமல் எதையாவது துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அண்ணன், "நாந்தான் வந்துட்டேன்லா. இனி லாட்ஜி வேலை எதுக்கு?" என்றான். மதினி மறுநாளும் வேலைக்குப் போனாள். ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியதும், சீசனுக்கு அங்கேயே தங்க வேண்டும் என்று சொல்லி நாலு சேலையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கு முந்திய எந்த சீசனுக்கும் அவள் தங்கியதில்லை.

மூன்று வாரம் கழித்து அண்ணன் என்னைக் கூப்பிட்டான். "ஏட்டி, போயி அவளக் கூட்டிட்டு வா." போனேன். ஈரத்துணியோடும் எண்ணெய் வாடையோடும் வரவேற்பறையில் கூட்டம் நெருக்கியது. சாவி கொடுக்கிற கையை நிறுத்தாமலே மதினி சொன்னாள்: "கூட்டிட்டுப் போவ யாரும் வர வேண்டாம். ஒங்க அண்ணன ஒரு நாள் வந்து பாக்கச் சொல்லு. ஒக்காந்து பாக்கணும், நின்னுட்டு இல்ல." அப்படியே வந்து சொன்னேன். இரண்டு நாள் அவன் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தான். மூன்றாம் நாள் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினான். சண்டை வந்துவிடுமோ என்று பயந்து நானும் கூடப் போனேன்.

கூட்டம் ஓய்ந்த மத்தியான நேரம். மதினி அவனை உட்காரச் சொல்லி, டிவியில் பென்டிரைவைச் செருகினாள். தொடரின் கடைசிப் பருவம். படத்தில் வராத பகுதி: கேப்டன் வீட்டுக்கு வந்த மறுநாள். அடுக்களையில் நின்று ஒரு கரண்டியைத் தேடுகிறார். ஒவ்வொரு இழுப்பறையாகத் திறக்கிறார், கிடைக்கவில்லை. மனைவி மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், எடுத்துக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான், அது நீண்டுகொண்டே போகும். அண்ணன் எழுந்து வெளியே போனான். நான் பாதி எழுந்தேன். மதினி என் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள். டிவி ஓடிக்கொண்டே இருந்தது. வாசலில் சாரலில் நின்றுகொண்டிருந்தவன், வெகுநேரம் கழித்து நனைந்த சட்டையோடு உள்ளே வந்தான்.

"விட்ட எடத்துலருந்து போடு" என்றான்.

முடியும் வரை பார்த்தான். பிறகு, "அந்தப் பொம்பள ஏன் எடுத்துக் குடுக்க மாட்டங்கா?" என்று கேட்டான்.

"எடுத்துக் குடுத்தா அவன் விருந்தாளியாப் போயிருவாம்லா" என்றாள் மதினி.

"அப்பம் முதல்லருந்து பாக்கணும் போலுக்கு" என்றான் அண்ணன். சாரல் ஓய்ந்ததும் மதினி வீட்டுக்கு வந்தாள். வேலையை விடவில்லை, அவனும் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஏழு பருவங்களையும் முதலிலிருந்து பார்த்து முடிக்க அவர்களுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. நடுவில் நிறையச் சண்டை போட்டார்கள். அண்ணன் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனான்.

எனக்குக் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது அந்தத் தொடரும் படங்களும் என் போனிலேயே இருக்கின்றன. ஒரு பகுதியைக்கூட முழுதாகப் பார்க்க முடியவில்லை. ஓட்டி ஓட்டிப் பார்க்கிறேன், வேகத்தைக் கூட்டிப் பார்க்கிறேன், பாதியில் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறேன். போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அத்தனையும் பார்த்து முடித்த அண்ணன் இப்போது படத்தின் கட்சி. "கதவத் தட்டுதான், அவ தெறக்கா, முடிஞ்சிச்சி. அதுல என்ன கொற?" என்று மதினியிடம் வாதாடிக்கொண்டிருந்தான். அவள் வெங்காயம் உரித்தபடி, "ஏட்டி, நீ இப்பம் எந்தக் கட்சி?" என்று என்னிடம் திரும்பினாள்.

"எப்பமும் போல படந்தான் மதினி" என்றேன். சென்னை வீட்டில் நானும் அவரும் ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. சாயங்கால ரயிலுக்கு மூன்றாவது முறையாக மணி பார்த்தேன்.

மதினி கத்தியைக் கீழே வைத்தாள். "டிக்கெட்டக் கேன்சல் பண்ணு. ரெண்டு நாள் இருந்துட்டுப் போ" என்றாள்.