விழிதியூர் கேஸில் நான் சேர்த்த வரி

1. வகுப்பில்

ஆம்புலன்ஸில் புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன்களுக்குப் பாம்புக்கடி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கடிபட்ட காலை ஸ்பிளின்ட் கட்டை வைத்து அசையாமல் கட்ட வேண்டும். கயிறு போட்டு இறுக்கக் கூடாது, கீறக் கூடாது, எதையும் பூசக் கூடாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பேட்சுக்கும் சொல்லும் விழிதியூர் கேஸுக்கு வந்தேன்.

களை பறிக்கப் போன ஒரு பெண்ணைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. அழைப்பு வந்ததும் கிளம்பினோம், தாமதமில்லாமல் போய்ச் சேர்ந்தோம். ஆனால் அதற்குள் ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. காலில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிழைக்கவில்லை.

“ஏங்க இவ்வளவு லேட்டுன்னு புருஷன்கிட்ட கேட்டேன். என்ன சொன்னாரு தெரியுமா?” என்று நிறுத்தி, தலையைச் சொறிந்துகொண்டு, குரலை இழுத்துச் சொல்வேன்: “கொஞ்ச நேரம் பாப்போம், தானா எறங்கிடும்னு இருந்தோங்க.”

வகுப்பு எப்போதும் இந்த இடத்தில் சிரிக்கும். அன்றும் சிரித்தது. சுகந்தி என்ற பெண் மட்டும் எழுந்து நின்றாள்.

“சார், எங்கப்பா அப்டி சொல்லல.”

எனக்குப் புரியவில்லை.

“விழிதியூருல செத்துப்போனது எங்கம்மா. நீங்க வந்தப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். எங்கப்பா வாயத் தொறக்கல சார். அழுதுகிட்டு நின்னாரு.”

அவள் சொன்னது சரி. அந்த மனிதர் எதுவும் பேசவில்லை. அதை நினைவுபடுத்திக்கொள்ள எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. வண்டியில் பஞ்சு தீர்ந்தால்கூட இரவில் டைரியில் குறித்துவைக்கிற ஆள் நான். அந்த ஒரு வரியை எந்த வகுப்பில் சேர்த்தேன் என்று மட்டும் தெரியவில்லை. வகுப்பு சிரித்தது, அதனால் வைத்துக்கொண்டேன். பிறகு அது நடந்ததாகவே ஆகிவிட்டது.

“முந்தின பேட்ச்ல படிச்ச ஒருத்தரு இத எங்க மாமாகிட்ட சொல்லிட்டாரு. மாமா அதுலேருந்து எங்க வீட்டுப் படி ஏறல. ‘எங்கக்காவ வேடிக்கை பாத்தே கொன்னுட்டான்’னு எங்கப்பாவ ஊரெல்லாம் பேசுறாரு.”

அந்த இடத்திலாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. “அப்ப ஏம்மா லேட்டாச்சு?” என்றேன்.

“லேட்டு பண்ணல சார். உடனே போன் போட்டோம். அந்தப் பக்கத்து ஆளுங்க எடுத்தாங்க.”

2. வரப்பில்

விழிதியூர் இருக்கிற காரைக்காலில் எந்தப் பக்கம் போனாலும், கடலைத் தவிர, சீக்கிரமே தமிழ்நாடு வந்துவிடும். நாம் எந்த ஊரில் நிற்கிறோம் என்பது செல்போன் டவருக்குத் தெரியாது. எல்லையோர வயலில் நின்று அவசர எண்ணை அழுத்தினால் சில நேரம் எங்கள் கட்டுப்பாட்டு அறை எடுக்கும், சில நேரம் பக்கத்து மாநிலத்தில் எடுப்பார்கள். எடுப்பவர்கள் இணைப்பை எங்களுக்கு மாற்றிவிட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. தெரிந்தேதான் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கட்டுப்பாட்டு அறையில் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, ஓட்டுநர் பாஸ்கரோடு விழிதியூர் போனேன். சம்பவத்தன்று வண்டி ஓட்டியதும் அவர்தான். சுகந்தியும் வந்து, தன் அம்மா விழுந்த வரப்பைக் காட்டினாள். அங்கே நின்று அவசர எண்ணுக்குப் போன் போட்டேன்.

“சொல்லுங்க, எந்த மாவட்டம்?” என்றது ஒரு குரல்.

“காரைக்கால்.”

“அது எங்களுக்கு வராதுங்க. லைன்ல இருங்க, மாத்தி விடுறேன்.”

லைன் அறுந்தது. மறுபடி போட்டேன். வேறு குரல், அதே கேள்வி. இந்த முறை, லைன் மாறும்வரை போடுகிற பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

“எங்கப்பாவும் இப்டித்தான் சார். மூணாவது தடவைக்கு மேல போனத் தூக்கிப் பிடிச்சுகிட்டு ரோட்டப் பாத்து ஓடுனாரு. ஓடிகிட்டே போட்டாரு. அந்த நேரத்துலதான் எங்க அத்தை மஞ்சள அரைச்சுப் பூசுனாங்க. சும்மா பாத்துகிட்டு ஒக்கார முடியுமா சார்?”

நானும் திரும்பத் திரும்பப் போன் போட்டபடி அதே வரப்பில் நடந்தேன். ரோட்டுக்கு ஏறி, பெட்டிக்கடையைத் தாண்டிய பிறகுதான் எங்கள் ஆட்களின் குரல் கேட்டது. வேர்த்துவிட்டது. நான் நடந்தபோது எனக்குப் பின்னால் யாரும் கிடக்கவில்லை.

பாஸ்கர் வண்டியில் சாய்ந்தபடி சொன்னார்: “வண்டி லேட்டுன்னா டிரைவர் தலை உருளும். பேஷண்ட் லேட்டுன்னா குடும்பத்துத் தலை உருளும். ஒங்க தலை மட்டும் எப்பவும் நேராவே இருக்கு பாருங்கண்ணே.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

3. மச்சான் வீட்டு வாசலில்

வரப்பிலிருந்து சுகந்தி வீட்டுக்குப் போனோம். அவள் அப்பா கோவிந்தசாமி, கொல்லையில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, “ஒக்காருங்க சார்” என்றார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டவரைப் பற்றிச் சொன்னேன். வகுப்பில் அவரைப் போல நடித்ததையும் சொன்னேன். சொல்லும்போது அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் நடிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“அப்ப நான் நேரத்தோடதான் கூப்பிட்டிருக்கேன்?”

“ஆமாங்க. நேரத்தோடதான் கூப்பிட்டீங்க.”

“எல்லாரும் சொல்லிச் சொல்லி, நாமதான் நின்னுட்டோமோன்னு எனக்கே வந்துடுச்சு சார்.” பிறகு, “இத எம் மச்சான்கிட்ட வந்து சொல்லுவீங்களா?” என்றார்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நம்முடைய நேரக் கணக்கு, நமக்கு அழைப்பு வந்த நொடியில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் போன நேரமெல்லாம் குடும்பத்தின் தலையில் விழுந்துவிடுகிறது. ஆகவே சம்பவ இடத்தில், “ஏன் லேட்டு?” என்று கேட்காதீர்கள். “முதல் தடவை எப்பப் போன் போட்டீங்க? யாரு எடுத்தாங்க?” என்று கேளுங்கள். இப்போது எங்கள் வண்டியில் இதைக் கேட்காமல் யாரும் படிவத்தில் நேரம் எழுதுவதில்லை. எல்லையோர ஊர்களில் எங்கள் நிலையத்தின் நேரடி எண்ணைக் கொடுத்துவருகிறோம். விழிதியூர் கேஸை இன்றும் வகுப்பில் சொல்கிறேன். யாரும் சிரிப்பதில்லை.

கோவிந்தசாமி கேட்டபடி, அந்த வார ஞாயிற்றுக்கிழமை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டுக்குப் பக்கத்துத் தெருதான். வாசலில் உறவுக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கூட வந்த கோவிந்தசாமி உள்ளே வராமல் ரோட்டிலேயே நின்றுகொண்டார். மச்சான் அவரைப் பார்க்காமல் என்னிடம் மட்டும், “என்ன சார் விஷயம்?” என்றார்.

சொல்லத் தொடங்கினேன். குரல் எழும்பவில்லை. எனக்கே பாதிதான் கேட்டது.

ரோட்டிலிருந்து கோவிந்தசாமி சொன்னார்: “வகுப்புல சொன்ன சத்தத்துல சொல்லுங்க சார்.”

முதலிலிருந்து சொன்னேன்.