கடைசிப் பந்திக்குப் பிறகு சாப்பிடுகிறவர்

பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையின் பெரிய டப்பாவைத் திறந்தால் ஒரு வாடை வருமே... என் ரெசிடென்சி வருடத்துக்கு அதுதான் வாசம். துப்பட்டாவில் அடிக்கும், டிபன் பாக்ஸில் அடிக்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் லேசாக முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பி.ஃபார்ம் முடித்து, அதற்கு மேல் ஃபார்ம்.டி என்ற மருந்தியல் படிப்பில் சேர்ந்த எங்களுக்குக் கடைசி வருடம் முழுக்க ஆஸ்பத்திரியில்தான். எனக்குக் கிடைத்தது காரைக்குடியில் ஒரு சின்ன டிரஸ்ட் ஆஸ்பத்திரி. தினமும் சிவகங்கையிலிருந்து பஸ்.

வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் டாக்டர் என்று எழுந்து நிற்பார்கள். மருந்தைப் பற்றிப் பேச வந்தேன் என்றால், "அப்ப மெடிக்கல்ல இருக்கீகளா?" என்று உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது.

காலையில் பெரிய டாக்டர் பின்னால் ரவுண்ட்ஸ். அது முடிந்ததும் ஒவ்வொரு கட்டிலாகப் போய், வீட்டில் என்ன மாத்திரை, எப்படிப் போடுகிறீர்கள் என்று விசாரிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பாதி நாள் எனக்கே சலிப்பாக இருக்கும்.

அப்படி ஒரு நாள்தான் கருப்பையா அண்ணனைப் பார்த்தேன்.

நேமத்தான்பட்டிக்காரர். சுற்றுவட்டாரக் கல்யாணங்களுக்கெல்லாம் சமையல் மாஸ்டர். சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழுந்து, அந்த சீசனில் மூன்றாவது முறையாக வந்து படுத்திருந்தார். இந்த முறை விழுந்தது கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில். கூட இருந்தவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்ததால் தப்பினார்.

மாத்திரையை மறந்துபோய் இரண்டு தடவை போடுகிறார் என்று வார்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். நானும்தான். பெரிய டாக்டர் நல்ல மனிதர், ஆனால் அன்றைக்குப் பயந்துவிட்டார். "இனிமே அடுப்புப் பக்கம் போகக் கூடாது. உயிர் முக்கியமா, வேலை முக்கியமா?" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கருப்பையா அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது.

மதியம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் மனைவி வள்ளியக்கா பக்கத்தில் இருந்தார்.

"மாத்திரைய எப்பண்ணே போடுறீக?"

"கவர்ல எழுதிக் குடுத்தபடிதான் தாயி. காலையில, சாப்பாட்டுக்கு முன்னாடி. ஒரு நாள் தப்புனது இல்ல."

"சாப்பாடு எப்ப?"

"வீட்டுல இருந்தா எட்டு மணி."

"கல்யாண வேலைன்னா?"

அவர் என்னை வெளியூர்க்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "கடைசிப் பந்தி எந்திரிச்சப்பறம். அதுக்கு முன்னாடி கரண்டி புடிச்சவன் கை நனைப்பானா? உப்புக் காரங்கூட வாசத்துலயே பாத்துருவேன்."

"அதுவரைக்கும்?"

"சீனி போடாத காப்பி."

கேஸ் ஷீட்டில் தேதிகளைப் பார்த்தேன். விழுந்த மூன்று நாளும் முகூர்த்த நாள்! விடியும் முன் அடுப்பு மூட்டும்போதே மாத்திரை... சோறு மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ. உணவுக்கு முன் என்று நாங்கள் எழுதிக் கொடுத்ததை மனிதர் எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறார். சாப்பாடு எப்போது வரும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஓடிப்போய் பெரிய டாக்டரிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்து முழுவதும் கேட்டார். வெறும் வயிற்றில் சர்க்கரையை அப்படி இறக்கிவிடாத வேறு மாத்திரையாக மாற்றினார். "ஆனா காலையில ஏதாவது சாப்பிடணும். அதுக்கு அவரைச் சம்மதிக்க வைக்கிறது உன் பொறுப்பு," என்றார்.

அதுதான் பெரும்பாடு. "கல்யாண வீட்டுல விருந்தாளிக்கு முன்னாடி திங்கிறதா? அதுக்கு நான் வேலைய விட்டுட்டே ஒக்காந்துக்கிறேன்," என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்த மருந்தியல் எல்லாம் சொன்னேன். ஒன்றும் ஏறவில்லை.

வள்ளியக்காதான் தட்டை ணங்கென்று கீழே வைத்தார். "கல்யாண வீட்டுச் சோத்துல தான கை வைக்க மாட்டீக? நான் வீட்டுல அவிச்ச இட்லிய அடுப்பு மூட்டுறதுக்கு முன்னாடி தின்னுட்டுப் போங்க. நம்ம வீட்டு இட்லிக்கு எந்த ஊருல பந்தி போடுறாக?"

வார்டே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். "சரி, தின்னுட்டே போறேன்," என்றார். டாக்டரும் அடுப்புத் தடையை எடுத்துவிட்டார், கையில் சர்க்கரை மிட்டாய் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அடுத்த தையில் கூடப் படித்தவள் கல்யாணம், கோவிலூர் பக்கம். சாப்பிட்டு முடித்துச் சமையல்கட்டை எட்டிப் பார்த்தேன். புகைக்கு நடுவில் கருப்பையா அண்ணன் நின்றுகொண்டிருந்தார். யாரையோ சத்தமாகத் திட்டிக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. அப்படியே நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

இப்போது சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. இரண்டு மருந்து ஒத்துப்போகாவிட்டால் கம்ப்யூட்டர் சிவப்பாகக் காட்டிவிடும். கவரில் "உணவுக்கு முன்" என்று அதுவே அச்சடித்தும் கொடுத்துவிடும். அன்றைக்கு இருந்ததைவிட எவ்வளவோ தேவலை, பொய் சொல்லக் கூடாது.

ஸ்டூல் மட்டும் இல்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் வரிசை. "எப்ப சாப்பிடுவீங்க?" என்று கேட்டால் பின்னால் நிற்பவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கூட்டமான நாளில் கேட்காமலே கவரை நீட்டிவிடுகிறேன்.

அந்த நாட்களில் வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்காரும்போது, எங்கேயோ ஒருவர் மாத்திரையைப் போட்டுவிட்டு இன்னும் சாப்பிடாமல் நின்றுகொண்டிருக்கிறாரோ என்று தோன்றுகிறது... சோறு இறங்க மாட்டேன் என்கிறது.