பூட்டை முதலில் வாங்கினேன்

எங்கள் வீட்டுக்குள் இப்போது யார் யாரோ நடந்துகொண்டிருக்கிறார்கள். நானும் மகளும் தெருமுனைக் காபிக்கடையின் வாகன நிறுத்தத்தில், காரைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறோம். டொராண்டோவின் புறநகரில் வீட்டை விற்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் சொந்த வீட்டைவிட்டு வெளியேறிவிட வேண்டும். ‘ஓப்பன் ஹவுஸ்’ என்று பெயர். வாசலில் பலகை நட்டு, வீடெல்லாம் மணக்கும்படி ஓவனில் பிஸ்கட் சுட்டுவிட்டு, ஏஜென்ட் லிண்டா எங்களை அனுப்பிவைத்தாள். அதற்குமுன் சுவரில் இருந்த படங்களைக் கழற்றச் சொன்னாள். வாங்க வருகிறவர்கள் அந்தச் சுவரில் தங்கள் முகங்களை நினைத்துப் பார்க்க வேண்டுமாம். எங்கள் கல்யாணப் படமும், மகள் பட்டுப்பாவாடையில் நிற்கும் படமும், முருகனும் இப்போது பின்னிருக்கையில் துண்டு சுற்றிக் கிடக்கிறார்கள். “அலமாரிகளையும் திறந்து பார்ப்பார்கள். பாதி காலியாக இருக்கட்டும்” என்றாள் லிண்டா. அலமாரிப் பேச்சு வந்ததும் என் முகம் போன போக்கை அவள் கவனிக்கவில்லை. மகள் கவனித்தாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கு வந்து, சில வருடம் அடுக்ககத்தில் இருந்துவிட்டு இந்த வீட்டை வாங்கியபோதும் லிண்டாதான் ஏஜென்ட். விற்கிற அம்மாவை ஒருமுறை பார்த்து, கையில் இனிப்பு கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று அப்போது கேட்டேன். லிண்டா பதறிவிட்டாள். “ஏன், வீட்டில் ஏதாவது குறை கண்டீர்களா?” என்றாள். குறை இல்லை, முகம் பார்க்கத்தான் என்றேன். முகத்தைப் பார்த்து என்ன செய்வது என்று அவளுக்குப் புரியவில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது கீழ்த்தளத்தில் வீட்டைச் சூடாக்கும் கொதிகலனை என்று அழைத்துப் போனாள். எல்லாக் குழாய்களையும் ஒரே சமயத்தில் திறந்து நீரின் வேகம் பார்ப்பது, சுவரைத் தட்டிக் கேட்பது, ஈர வாடைக்கு மூக்கை நீட்டுவது, அலமாரிக்குள் தலையை விடுவது, அந்த வீட்டில் எதையும் வாயில் வைக்காமல் இருப்பது எல்லாம் அவளிடம் கற்றுக்கொண்டேன். பிறகு எங்கள் நண்பர்கள் யார் வீடு பார்க்கப் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமையோடுதான் போன கோடையில் ஊருக்குப் போனேன்.

போனதற்குக் காரணம் இருந்தது. மகள் பள்ளியை முடிக்கும் வயது. சென்னைப் பக்கம் கல்லூரியில் சேர்கிறேன் என்று அவளே ஒப்புக்கொண்டிருந்தாள். அவளோடு நானும் திரும்பிவிட வேண்டும் என்பது என் பத்து வருடத்துப் பேச்சு. “இந்த லீவுல வீடு அமைஞ்சா எல்லாரும் போயிடலாம். அமையலேன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடணும்” என்றார் கணவர். நான் செங்கல்பட்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அம்மா போன பிறகு அங்கே சொந்தமாக ஒரு கதவுகூட இல்லை. அதனால்தானோ என்னவோ, போன மறுநாளே செங்கல்பட்டுக் கடைத்தெருவில் ஒரு பித்தளைப் பூட்டை வாங்கிவிட்டேன். நல்ல கனமான பூட்டு. புரோக்கர் தணிகாசலம் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

“இன்னாக்கா, வூடே அமையல, அதுக்குள்ள பூட்டு வாங்கிகினு வந்துட்டீங்க? கதவ நான் தனியா தேடணுமா?”

அவர் காட்டிய வீடுகளில் ஒன்றுக்குத் தண்ணீர் உப்பு, ஒன்றுக்கு வழி இல்லை. கடைசியாக, மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில், ஒரு மனைப்பிரிவின் ஓரத்தில் இருந்த வீட்டைச் சொன்னார். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பார்த்துப் பார்த்துக் கட்டியது. பெங்களூரில் இருக்கும் மகனிடம் போகிறார்கள். “அவுரு டப்புக்குப் பறக்கற ஆளு இல்லக்கா. மனசுக்குப் புடிச்சாதான் குடுப்பாரு. நீங்க கனடான்னு மட்டும் வாயத் தொறந்துடாதீங்க, மத்தத நான் பாத்துக்கறேன்” என்றார். போகும் வழியெல்லாம் நான் மகளுக்குப் பாடம் நடத்தினேன். துப்பட்டாவைச் சரியாகப் போடு, கால்மேல் கால் போடாதே, காபி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதே. அவள் எங்கே மானத்தை வாங்கிவிடுவாளோ என்ற கவலை எனக்கு.

வாசலில் இரண்டு தென்னை, பக்கத்தில் எங்கோ கல் செதுக்கும் சத்தம், கடற்காற்று நேராகக் கூடத்துக்குள் வந்தது. உள்ளே நுழைந்ததுமே இதுதான் என்று தோன்றிவிட்டது. வீட்டுக்காரர் நடராஜன் சலவைச் சட்டையும் விபூதியுமாகப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் போனபோது எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் கர்வம்போல என்று நினைத்துக்கொண்டேன். அவர் மனைவி சரோஜா அம்மா டவரா டம்ளர்களில் காபி கொண்டுவந்தார். மகள் எடுத்துக்கொண்டாள். “அப்புறம் குடிக்கிறேங்க, முதல்ல வீட்டைப் பார்த்துடறேன்” என்று நான் எழுந்துவிட்டேன்.

பிறகு நடந்தது எல்லாம் என் கைகள் செய்தவை. சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, குளியலறைக் குழாயையும் திறந்தேன். கழிவறையில் தண்ணீரை இழுத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டேன். சுவரில் ஈரக்கறை இருந்த இடத்தை விரல் முட்டியால் தட்டினேன். “அது ஒண்ணுமில்லம்மா, போன மழையில சாரல் அடிச்சது” என்று சரோஜா அம்மா பின்னாலேயே வந்தார். நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. லிண்டாவின் ஊரில் வீடு பார்க்கும்போது வீட்டுக்காரர்கள் கூட வர மாட்டார்கள். “யக்கா, மெதுவா” என்று தணிகாசலம் என் முதுகுக்குப் பின்னால் முனகியதும் கேட்டது. படுக்கையறைக்குள் கேட்காமலே நுழைந்தேன். அங்கே சுவரோடு பதித்த அலமாரி. “அம்மா, அது வேண்டாம்...” என்று சரோஜா அம்மா கையை நீட்டுவதற்குள் திறந்துவிட்டேன்.

வீடு பார்க்க ஆள் வருகிறார்கள் என்று, கண்ணில் படக்கூடாததை எல்லாம் அதற்குள் திணித்து வைத்திருந்தார் அவர். அத்தனையும் சரிந்தது. ரப்பர் விரிப்பு, பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணிகள், உள்பாவாடை, மாத்திரைப் பெட்டி. நோயாளிகளுக்கு வைக்கும் பிளாஸ்டிக் மூத்திரக் குடுவை ஒன்று தரையில் உருண்டு, நிலையைத் தாண்டி, கூடத்தில் அந்தப் பிரம்பு நாற்காலியின் காலில் மோதி நின்றது. அவர் ஏன் எழுந்திருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்களுக்காகச் சட்டை மாற்றி, நீறு பூசி, அசையாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். அவர் குடுவையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“பாத்தாச்சாம்மா?” என்று கேட்டார்.

நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. பதற்றத்தில் வாயில் வந்தது அதுதான். “மொட்டை மாடி மட்டும் பாக்கலீங்க” என்றேன்.

என் மகள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் குடுவையை எடுத்தாள். “சாரி, தாத்தா” என்றாள். பிறகு சரோஜா அம்மாவோடு தரையில் உட்கார்ந்து அந்தத் துணிகளை ஒவ்வொன்றாக மடித்துக் கொடுத்தாள். நான் சுவரோரமாக நின்றேன். குழாய்களை நிறுத்த மறந்திருந்தேன். இரண்டிலும் தண்ணீர் நல்ல வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

தணிகாசலம் உள்ளே நின்று பேசிவிட்டு வெளியே வர நேரமாயிற்று. செருப்பை மாட்டிக்கொண்டே, “முடிஞ்சிச்சுக்கா” என்றார்.

“விலையில ஏதாவது கூட எதிர்பார்க்கிறாரா?”

“வெலயெல்லாம் ஒண்ணும் இல்ல. வூடு பாக்க வந்தாங்களா, ரெய்டு வுட வந்தாங்களான்னு கேக்கறாரு. நான் இன்னான்னு சொல்றது?” காரருகே வந்ததும் அவருக்கே பொறுக்கவில்லை. “வாயத் தொறக்காதீங்கன்னு சொன்னேன். நீங்க வாயத் தொறக்கல. அலமாரியத் தொறந்துட்டீங்க.”

திரும்பும் வழியில் மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். செங்கல்பட்டு நெருங்கும்போது, அவளுடைய உடைந்த தமிழில், “அம்மா, நம்ம வீட்டுக்கு யாராவது வந்தா நீயும் இப்படித்தானே எல்லாத்தையும் உள்ள தள்ளுவே?” என்றாள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

மறுநாள் காலை புரோக்கரிடம் சொல்லாமல், பழமும் மல்லிகைப்பூவும் வாங்கிக்கொண்டு இருவரும் போனோம். வாசலில் நிறுத்தியே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்படி அனுப்பியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். சரோஜா அம்மா “வாங்க, வாங்க” என்று கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார். நாக்கு பொத்துப்போகிற சூட்டில் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது. “அவர் தூங்கறார்” என்றார். உள்ளே யாரோ இருமலை அடக்குவது கேட்டது. படுக்கையறைக் கதவு திறந்திருந்ததால் அலமாரி தெரிந்தது. அதன் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து, கிழிந்த புடவைக் கரையால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

மன்னிப்புக் கேட்டேன். கனடா என்பதையும், அங்கே விற்கிறவரும் வாங்குகிறவரும் பார்த்துக்கொள்வதே இல்லை என்பதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“எனக்கு ஒண்ணும் வருத்தமில்லம்மா. பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா வித்துட்டா எல்லாம் ஆச்சுன்னு இல்ல பாருங்க. நாளைக்கு இந்தப் பக்கம் வந்தா, ஒரு எட்டு உள்ள வந்து, நாம கட்டின வீடாச்சேன்னு ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போகணும். அதுக்கு ஏத்தவங்களாப் பாத்துதான் குடுக்கணும்னு அவர் சொல்லிட்டே இருப்பார்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “இனிமே அவரால உங்க முகத்தைப் பாக்க முடியாதும்மா.”

என் முகத்தை அவர் பார்க்க முடியாதாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கிளம்பும்போது குங்குமம் கொடுத்தார். நான் கொண்டுபோன பழத்திலேயே இரண்டை எடுத்து, மகள் கையில் வைத்து அனுப்பினார்.

அதன்பிறகு வேறு வீடு பார்க்க எனக்குக் கால் எழவில்லை. தணிகாசலம் முட்டுக்காட்டுப் பக்கம் ஒன்று இருப்பதாகச் சொல்லியனுப்பினார். போகவில்லை. தொலைபேசியில் கணவரிடம் அமையவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. “சரி, இங்கேயே கொஞ்சம் பெரிசாப் பாத்துடலாம்” என்றார். அவர் குரலில் நிம்மதிதான் இருந்தது. மகள் இங்கேயே கல்லூரிக்கு எழுதிப்போட்டுவிட்டாள். அந்தப் பெரிய வீட்டுக்காகத்தான் இந்தச் சின்ன வீட்டின் வாசலில் இன்று பலகை நிற்கிறது.

இன்று காலை படுக்கையறை அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது பித்தளைப் பூட்டு கையில் அகப்பட்டது. அலமாரிக்கே போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இந்த ஊர் அலமாரிகளுக்குத் தள்ளுகதவு. பூட்டு மாட்ட வளையம் கிடையாது. கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

காரிலிருந்து பார்த்தால் எங்கள் வாசல் தெரிகிறது. ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வருகிறாள். என் புடவைகள் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று இந்நேரம் அவளுக்குத் தெரிந்திருக்கும். இறங்கிப் போய், உள்ளே வந்து ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. சொன்னால் அவளும் லிண்டாவைத்தான் திரும்பிப் பார்ப்பாள். வீட்டுச் சாவி, வாசல் கைப்பிடியில் லிண்டா தொங்கவிட்டிருக்கும் எண்பூட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. செங்கல்பட்டுப் பூட்டு என் மடியில், கைப்பைக்குள் கனக்கிறது. அதன் சாவி இன்னும் அதிலேயே செருகியிருக்கிறது.